புகையிலையில் கரையும் சேமிப்பு

குடும்பத்தின் வரவு செலவை எழுதப் புகுந்தால் அரிசி, எண்ணெய், துணி, பிள்ளைகளின் படிப்பு ஆகியவை தவறாமல் ஏட்டில் ஏறுகின்றன. பீடிக்கும் சுருட்டுக்கும் வாயில் அடக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு மட்டும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சில்லறைதானே என்று விட்டுவிடுகிறோம். அச்சில்லறை எவ்வளவு பெருந்தொகையாகிறது என்பதை விருத்தாசலம் வட்டார அங்கத்தினர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2016-17ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாள்தோறும் பீடி பிடிப்பவர் மாதத்திற்குச் சராசரியாக 284 ரூபாயும், சிகரெட் பிடிப்பவர் 1,192 ரூபாயும் செலவிட்டனர். சிறியதாகிய பீடிச் செலவையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,408 ரூபாய். 20 ஆண்டுகளில் 68,160 ரூபாய். இதனையே மாதந்தோறும் தொடர் வைப்பாகச் செலுத்தி, ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வட்டி கிடைப்பதாகக் கொண்டால், 20 ஆண்டு முடிவில் ஏறத்தாழ 1,31,000 ரூபாய் கைக்கு வரும். ஒரு பிள்ளையின் மேற்படிப்புக்கு அது பெருந்துணையாகும்.

கடையில் கொடுக்கும் காசோடு செலவு முடிவதில்லை. 2017-18ஆம் ஆண்டில், 35 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே புகையிலையால் விளைந்த நோயும் மரணமும் நாட்டிற்கு 1,77,341 கோடி ரூபாய் இழப்பை உண்டாக்கியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அதில் மருத்துவச் செலவு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எஞ்சியது பெரும்பாலும் உழைப்பும் ஆயுளும் குன்றியதால் நேர்ந்த இழப்பாகும்.

உழைப்பை நம்பி வாழும் நமக்கு இது கவலைக்குரியது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். களிமண்ணையும் வெண்கல் பொடியையும் கையாளுமிடத்தில் எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தழும்பாக்குவது, காசநோய்க்கும் வழிகோலுவது. நெசவிலும் பஞ்சுத் தூசு உண்டு. தூசு படியும் நெஞ்சில் புகையும் சேர்ந்தால் கேடு மிகுகிறது.

சம்பாதிப்பவர் படுத்துவிட்டால், நூலுக்கும் விதைக்கும் பெற்ற கடன் மருந்துக்குப் போகிறது. தவணை தவறுகிறது. ஜாமீன் நின்ற அண்டை வீட்டாரும் பதில் சொல்ல நேருகிறது. ஒருவர் பழக்கத்தின் சுமையைப் பலர் தாங்கும்படி ஆகிறது.

விட்டொழித்தால் பலன் உண்டு. புகையை நிறுத்திய ஓராண்டில், மாரடைப்புக்குரிய கூடுதல் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது. பத்தாண்டுகளில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயமும், தொடர்ந்து புகைப்பவருடையதில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்குகிறது. ஆயினும் சிலிக்காத் தூசு உண்டாக்கிய தழும்பு மறைவதில்லை. ஆகவே தூசு பறக்காமல் நீர் தெளித்து வேலை செய்தலும், தக்க முகக்கவசம் அணிதலும் எப்போதும் வேண்டும்.

மன உறுதி மட்டும் போதாதவர்கள் அரசு மருத்துவமனையை அணுகலாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். வேலை இடைவேளையில் பீடிக்கு மாற்றாக ஒரு பிடி வறுத்த கடலை கொறிக்கலாம். நம் வட்டாரத்தில் நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு மாதத்துப் புகையிலைச் செலவை மட்டும் ஒளிக்காமல் எழுதிப் பார்க்கட்டும். அத்தொகையை அடுத்த மாதம் முதல் சேமிப்பில் செலுத்த முன்வருவோருக்கு, சங்க நிர்வாகிகள் தனிக் கணக்குத் திறந்து ஊக்கமளிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.