பரம்பரையலகும் பாலுணவும்

பரம்பரை நோய் என்றதும், அது பிறப்போடு எழுதப்பட்ட எழுத்து, அழிக்கவொண்ணாதது என்று கருதுவது மக்கள் இயல்பு. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதை ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1934ஆம் ஆண்டில் நோர்வே நாட்டுத் தாயொருத்தி, மனவளர்ச்சி குன்றிய தன் இரு பிள்ளைகளையும் பொலிங் என்னும் மருத்துவரிடம் காட்டினாள். பிள்ளைகளிடம் ஒருவகை நாற்றம் வீசுவதேன் என்று அவள் பலரிடம் வினவியும் விடை கிடைக்கவில்லை. பொலிங் அவர்களுடைய சிறுநீரிற் பெரிக்குக் குளோரைட்டைச் சேர்த்தார். அது பச்சை நிறமாயிற்று. அந்நிறத்தைத் தந்தது பினைல்பைரூவிக்கமிலம் என அவர் கண்டறிந்தார்.

இது எங்ஙனம் தோன்றியது? பால், மீன், பருப்பு முதலியவற்றிலுள்ள புரதம் சமிக்கும்போது அமினோவமிலங்களாகப் பிரிகின்றது. அவற்றுளொன்று பினைலலனீன். தேவைக்கு மிஞ்சிய பினைலலனீனை ஈரலிலுள்ள ஒரு நொதியம் தைரோசீனாக மாற்றுகின்றது. அந்நொதியத்தை ஆக்கும் கட்டளை, பன்னிரண்டாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில் அடங்கியுள்ளது. தாயிடமிருந்தொன்றும் தந்தையிடமிருந்தொன்றுமாக அதன் இரு பிரதிகள் நமக்குண்டு. ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும். இரண்டும் பழுதாயின் பினைலலனீன் குருதியில் மிகுந்து, வளரும் மூளையைக் கெடுக்கும். பெற்றோர் இருவரும் ஒவ்வொரு பழுதுற்ற பிரதியை உடையராயின், அவர்கள் நலமாகவே வாழ்வர். ஆயினும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்நோய் வாய்ப்பதற்கு நான்கிலொரு பங்கு இடமுண்டு.

பரம்பரையலகைத் திருத்த வழியில்லையெனினும், உணவைத் திருத்தலாமன்றோ? பிக்கெல் என்பவரும் அவர்தம் துணைவரும் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில், பினைலலனீன் மிகக் குறைந்த உணவை இரண்டு வயதுச் சிறுமியொருத்திக்கு அளித்து, அதன் பயனை 1953இல் வெளியிட்டனர். நிற்கவும் இயலாதிருந்தவள் தேறத் தொடங்கினாள். பினைலலனீனை மீண்டும் சேர்த்தபோது அவள் நிலை தாழ்ந்தது. எனினும், மூளைக்கு முன்னரே நேர்ந்த கேடு முற்றாக நீங்கவில்லை.

ஆகவே, நோய்க்குறி தோன்றுமுன்னரே நோயை அறிதல் வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கரான கத்திரி, குழந்தையின் குதிக்காலில் எடுத்த சில துளிக் குருதியைக் கொண்டு இதனை அறியும் சோதனையை வகுத்தார். இன்று பல நாடுகளிற் பிறந்த சில நாட்களுள் இச்சோதனை நடைபெறுகின்றது.

பினைலலனீனை அடியோடு விலக்கலாகாது. உடல் வளர்ச்சிக்கு அதுவும் வேண்டும். குருதியைச் சோதித்து, உணவை அளந்தளித்தல் வாழ்நாள் முழுதும் தொடரவேண்டிய பணி. பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கிய குழந்தைகள், ஏனைய பிள்ளைகளைப் போலவே பள்ளி சென்று கல்வி கற்கின்றனர். பழுதுற்ற பரம்பரையலகு அவர்களிடம் இன்னும் இருக்கின்றது. அதனால் விளையவிருந்த கேடோ தடுக்கப்பட்டுவிட்டது.