ஒரு டீ, ரெண்டு ஷவர்!

''ரொம்ப சிம்பிள் சார். ஒரு டீ போட்டா முடிஞ்சுது!'' என்றார் பிளம்பர்.

நான் உள்ளே திரும்பி, ''ஸ்ட்ராங்கா ஒரு டீ!'' என்று குரல் கொடுத்தேன். அவர் சொன்னது மூன்று வாய் வைத்த பைப் துண்டை. அது எனக்குப் புரிவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் டேங்க்குக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் ஐந்தடிதான். பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு 'பார்' அழுத்தம் என்பது கணக்கு. ஐந்தடிக்கு 0.15 பார். அந்த அழுத்தத்தில் வருவதைத் தீர்த்தம் என்றுதான் சொல்லவேண்டும்! அதற்காகவே என் பாத்ரூமுக்கு ஒரு குட்டி பிரஷர் பம்ப் வைத்திருந்தேன். திருகினால் மழை.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிற்று. குனிந்து மொள்ள முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்க அவருக்கும் ஒரு ஷவர் வேண்டும். பம்ப்தான் இருக்கிறதே, இன்னொன்று மாட்டினால் என்ன? மாட்டியாயிற்று.

மறுநாள் காலை ஏழரை. ஆபீஸ் அவசரத்தில் என் ஷவரைத் திருகினேன். பக்கத்து பாத்ரூமிலிருந்து, ''ஐயோ!''

ஓடினேன். அப்பாவின் தோள்பட்டை சிவந்திருந்தது.

''ஒண்ணுமில்லடா... வெந்நீர் கொஞ்சம் ஜாஸ்தியா வந்துடுச்சு. நீ ஆபீஸுக்குக் கிளம்பு.''

நான் கிளம்பவில்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் கீஸருக்குப் பம்ப்பிலிருந்து தனி பைப். பச்சைத் தண்ணீருக்கு மட்டும், என் ஷவருக்கு வரும் அரை இஞ்ச் பைப்பில் அந்த 'டீ'! நான் திருகியதும் பச்சைத் தண்ணீர் என் பக்கம் வந்துவிட்டது. அவருக்கு மிஞ்சியது கீஸரின் கொதிப்பு. 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். சட்டென்று எழ முடியாதவர் என்ன செய்வார்?

ஆகவே, இரண்டாவது ஷவர் மாட்டப்போகும் நண்பர்களே...

ஒரு ஷவருக்கு நிமிஷத்துக்கு 8 முதல் 10 லிட்டர் தேவை. இரண்டும் சேர்ந்து ஓடினால் 20. பம்ப்பின் தகட்டில் போட்டிருக்கும் அதிகபட்ச லிட்டரைப் பார்த்து மயங்காதீர்கள். அழுத்தம் ஏற ஏற அது குறையும். ''ஒரு பாரில் 20 லிட்டர் தருமா?'' என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

டேங்க்கிலிருந்து பைப் பிரியும் இடம் வரை ஒரு இஞ்ச் பைப் போடுங்கள். முக்கால் இஞ்சைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு பரப்பு. பம்ப்பைத் தாண்டியதுமே ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி பைப், தனி வால்வு. கீஸரும் பச்சைத் தண்ணீரும் அந்த ஒரே பைப்பிலிருந்து பிரியட்டும். அழுத்தம் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். சூடு அதிகம் மாறாது.

கீஸர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அதன் லேபிளில் இருக்கும். பம்ப் அதைத் தாண்டக்கூடாது. வெந்நீர் பைப்பில் காற்று போக மேலே திறந்துவிட்ட குழாய் இருந்தால், மொட்டை மாடியில் இலவச நீரூற்று நிச்சயம்! பம்ப்புக்கு எர்த்திங் கட்டாயம்.

கரண்ட் போனால்? பம்ப்பைச் சுற்றி ஒரு பைபாஸ் பைப், அதில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. கண்ணில் சோப்போடு நிற்கும்போது தீர்த்தமாவது வருமே!

இவ்வளவும் செய்ய, புதுசாக ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது. கீஸரையும் 50 டிகிரிக்கு இறக்கிவிட்டேன்.

இப்போதும் ஏழரைக்குச் சுவரைத் தட்டி, ''அப்பா, திறக்கட்டுமா?'' என்று கேட்டுவிட்டுத்தான் திருகுகிறேன்.

''திறடா, ஒரு வித்தியாசமும் தெரியலை!'' என்பார்.

பிளம்பருக்கு? இந்தத் தடவை கேட்காமலே டீ கொடுத்தேன். குடிக்கிற டீ!