கூண்டு யார் கட்டியது?

இராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டிக்கு மோட்டார் பஸ் வராத காலத்தில், அந்தப் பக்கத்து ஜனங்கள் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டி என்றால் அதில் இரண்டு பாகம் உண்டு. அச்சும் சக்கரமும் ஏர்க்காலும் சேர்ந்தது ஒன்று; அதன் மேலே வளைத்துக் கட்டிய கூண்டு மற்றொன்று. எரு அடிக்கும் நாளில் கூண்டைக் கழற்றி வைப்பார்கள். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ என்றால் மறுபடியும் பூட்டுவார்கள். கொஞ்சம் வசதியுள்ள வீடு என்றால் வில் வண்டி. சம்பந்தம் பேச வந்தவர்கள் பார்ப்பது கூண்டைத்தான். அச்சு எந்த ஊர் இரும்பு என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சீமையில் மோட்டார் வண்டியின் கதையும் வெகுகாலம் இப்படியேதான் இருந்தது என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள். ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி என்று நாம் மரியாதையோடு உச்சரிக்கிற கம்பெனிகள் இரண்டாவது மகாயுத்தம் வரையில் பெரும்பாலும் முழு வண்டியாக விற்றதில்லை. அவர்கள் விற்றது எஞ்சின், சக்கரம், சட்டம் இவை மட்டுமே அடங்கிய சேஸிஸ். அதை வாங்கிய கனவான் அதைக் கூண்டு கட்டும் பட்டறைக்கு அனுப்புவார். லண்டனில் பார்க்கர் என்ற பட்டறை 1710-ம் வருஷத்திலிருந்தே குதிரை வண்டி கட்டி வந்தது. ஹூப்பர், த்ரப் அண்டு மேபர்லி, மல்லினர், கர்னி நட்டிங், வாண்டன் பிளாஸ் என்று இன்னும் பல. எத்தனை ஆசனம், கூரை மடங்க வேண்டுமா, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், தோல் என்ன நிறம் என்று உட்கார்ந்து பேசி முடிக்கச் சில நாள். கட்டி முடிக்கப் பல மாதம். நம் ஊர் லாரிக்காரர்கள் இன்றும் ‘பாடி கட்டுவது’ என்கிறார்களே, அதே வேலைதான். கிராக்கியும் கௌரவமும் மட்டும் அங்கே அதிகம்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். முதலில் தச்சர். ஆஷ் என்னும் மரத்தை அறுத்து வளைத்து வண்டியின் எலும்புக்கூட்டை அவர் செய்வார். ஓடும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலுக்கு ஈடுகொடுத்து ஒடியாமல் வளையும் குணம் அந்த மரத்துக்கு உண்டு. பிறகு தகடு அடிப்பவர். தட்டையான அலுமினியத் தகட்டை மரச் சுத்தியலால் மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டுவார். அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்து, முன்னும் பின்னும் உருட்டி உருட்டி, கன்னத்தைப் போல வழவழப்பாக வளைவு வரும்வரை இழைப்பார். அச்சு வார்ப்பது கிடையாது. கண்ணும் கையும்தான் அளவுகோல். ஒரே பட்டறையில் ஒரே வரைபடத்துக்குச் செய்த இரண்டு வண்டிகளின் முன்சக்கர மூடிகளைக் கழற்றி மாற்றிப் பூட்டினால் பொருந்துமா என்பது சந்தேகம். ஆகாய விமானத் தொழிலிலிருந்து வந்த வேமன் என்பவர் தகட்டையே வேண்டாம் என்று தள்ளி, மரச் சட்டங்கள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் உலோகப் பட்டை கொடுத்து, மேலே துணி போர்த்திக் கூண்டு கட்டினார். 1920-களில் அது பிரமாதமாக ஓடிற்று. கனமும் குறைவு, கிறீச்சென்ற சத்தமும் இல்லை. மழையும் வெயிலும் மாத்திரம் அதற்கு ஆகவில்லை.

வேகத்துக்காகப் பிறந்த வண்டிகளில் இந்தக் கூண்டு விஷயம் இன்னும் ருசிகரமானது. டபிள்யூ. ஓ. பென்ட்லி 1919-ம் வருஷத்தில் தம் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய 3 லிட்டர் வண்டி 1924-ல் பிரான்ஸிலுள்ள லெ மான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. பிறகு 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு வருஷம் அந்தப் பந்தயம் பென்ட்லிக்கே. ஆரம்ப வருஷங்களில் பெரிய வண்டிகளுக்கு நான்கு ஆசனம் இருந்தாக வேண்டும், முதலில் சில சுற்றுக்கள் கூரையைத் தூக்கி மாட்டிக்கொண்டே ஓட வேண்டும் என்றெல்லாம் அங்கே விதி உண்டு. வாண்டன் பிளாஸ் பட்டறை கட்டிய, நீண்ட, திறந்த, நான்கு பேர் உட்காரும் பென்ட்லியின் உருவம் இந்த விதிகளோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றைக்கு அந்த உருவத்தைத்தான் உலகம் பந்தய வண்டியின் இலட்சணம் என்று கொண்டாடுகிறது.

ஆனால் வாங்கியவர்கள் எல்லாரும் பந்தயம் ஓட்டுகிறவர்களா? சௌகரியப் பிரியர்கள் அதே 3 லிட்டர் சேஸிஸின் மேல் கண்ணாடி ஜன்னலும் கனத்த கூரையுமாகப் பெரிய கூண்டுகளைக் கட்டி ஏற்றினார்கள். எஞ்சின் மூச்சு வாங்கிற்று. இந்தப் பாரத்தைச் சுமப்பதற்காகவே பென்ட்லி 6½ லிட்டர் எஞ்சினைச் செய்ய வேண்டி வந்தது. கூண்டு கட்டியவன் எஞ்சின் செய்தவனை வேலை வாங்கிய கதை இது!

புகழ் கூண்டுக்குத்தான் போய்ச் சேருகிறது என்பதற்கு இன்னொரு கதையும் உண்டு. 1930 மார்ச்சு மாதத்தில், பென்ட்லி கம்பெனியின் தலைவர் ஊல்ஃப் பார்னாட்டோ, கான் நகரிலிருந்து புறப்படும் ‘நீல ரயில்’ கலே துறைமுகத்தை அடைவதற்குள் தாம் லண்டனுக்கே போய்விடுவதாகப் பந்தயம் கட்டினார். ரயில் கலே போய்ச் சேர நாலு நிமிஷம் இருக்கையில் லண்டனில் தம் கிளப்பில் இருந்தார். இந்த வெற்றியைச் சித்திரமாக எழுதியவர்கள், கர்னி நட்டிங் கட்டிய, தாழ்ந்த கூரையும் சரிந்த முதுகுமுள்ள ஓர் அழகிய கூப்பேயை எழுதினார்கள். பல வருஷம் உலகம் அதையே நம்பிற்று. பிற்காலத்தில் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தால், பந்தயம் நடந்தபோது அந்த வண்டி முடிந்திருக்கவே இல்லை! ஓடியது மல்லினர் கட்டிய, பெட்டி போன்ற ஒரு சாதாரண மூடு வண்டி. அழகில்லாத பாவத்துக்கு அது ஜயித்த பெயரையும் இழந்தது.

கூண்டு கட்டும் தொழிலிலிருந்தே பிறந்த பிரசித்தமான வண்டிகளும் உண்டு. ஆக்ஸ்போர்டில் மாரிஸ் கராஜில் மானேஜராயிருந்த ஸெஸில் கிம்பர், சாதாரண மாரிஸ் சேஸிஸின் மேல் வெளிப்பட்டறைகளில் அழகான கூண்டு கட்டச் செய்து விற்றார். அதுவே எம்.ஜி. வில்லியம் லயன்ஸ் என்பவர் 1922-ல் பிளாக்பூலில் ஒரு கூட்டாளியோடு மோட்டார் சைக்கிளுக்குப் பக்கவண்டி செய்யத் தொடங்கினார். 1927-ல் சின்னஞ்சிறு ஆஸ்டின் 7-க்குக் கூண்டு கட்டினார். அந்தப் பக்கவண்டிப் பட்டறையே பிற்பாடு ஜாகுவார் ஆயிற்று. 1948-ல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த எக்ஸ்.கே. 120 வண்டிகளில் முதல் 240 சொச்சத்துக்கும் மரச்சட்டமும் கையால் அடித்த அலுமினியமும்தான்.

நம் நாட்டு மகாராஜாக்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பத்திரிகை கொள்ளாது. 1910-ல் கல்கத்தாவில் மாத்யூஸன் என்ற வெள்ளைக்காரர் அன்னப் பறவை உருவத்தில் வண்டி ஒன்றை இங்கிலாந்தில் கட்டுவித்து இறக்கினார். அதன் அலகிலிருந்து வெந்நீர் பீச்சும். கண்கள் மின்சாரத்தால் ஒளிரும். தெருவில் ஜனங்கள் மிரண்டு ஓடியதைக் கண்ட போலீஸார் அதை வெளியே கொண்டுவரக் கூடாதென்று தடுத்தார்கள். நாபா மகாராஜாவிடம் போய், இப்போது அது ஹாலந்து தேசத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. ராஜ்கோட் மன்னருக்காக 1934-ல் த்ரப் அண்டு மேபர்லி காவி நிறத்தில் கட்டிய ரோல்ஸ் ராய்ஸ் ‘இந்தியாவின் நட்சத்திரம்’ என்று பெயர் பெற்றது. அது கடல் கடந்து போய், பிறகு அந்தக் குடும்பத்தாரிடமே திரும்பியது. இவையெல்லாம் பெரிய இடத்து விவகாரம். நமக்கு வேண்டியது வேறு.

சென்னை மவுண்ட் ரோடில் ‘சிம்ஸன்’ என்றால் பஸ் நிற்குமிடம் என்று பலருக்குத் தெரியும். அது 1840-ல் சேணமும் குதிரை வண்டியும் செய்யத் தோன்றிய கம்பெனி என்பது அநேகருக்குத் தெரியாது. 1903-ல் அங்கே நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டினார்கள். இந்தியாவிலேயே கட்டிய முதல் நீராவி மோட்டார் அதுதான் என்று சொல்வதுண்டு. அதற்கு ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. சாரட்டும் மோட்டாரும் ரயில் பெட்டியும் பஸ்ஸும் அந்தப் பட்டறையிலிருந்து வெளிவந்தன. கிரீன் துரை வரைந்திருப்பார். இழைப்புளி பிடித்தது யார்? தகடு அடித்தது யார்? அந்தத் தமிழ்த் தச்சர்களின் பெயரும் கொல்லர்களின் பெயரும் சரித்திரத்தில் இல்லை.

யுத்தத்துக்குப் பிறகு சீமையில் இந்தத் தொழில் சரிந்தது. 1946-ல் பென்ட்லியே தொழிற்சாலையில் இரும்புக் கூண்டு போட்டு முழு வண்டியாக விற்க ஆரம்பித்தது. முட்டைக்குத் தனியாக எலும்பு உண்டா? ஓடுதானே பாரம் தாங்குகிறது! அதுபோலச் சட்டமே இல்லாமல் தகட்டு ஓடே எல்லாப் பாரத்தையும் தாங்கும்படி வண்டிகள் வந்தன. அப்படிப்பட்ட வண்டியில் கூண்டைக் கழற்றினால் வண்டியே இல்லை. 1959-ல் ஹூப்பர் பட்டறை மூடிற்று.

அதே 1959-ல் ஒரு வேடிக்கை நடந்தது. டிரையம்ப் கம்பெனி ஹெரால்டு என்ற வண்டியை வெளியிட்டது. அதற்குத் தனிச் சட்டம் இருந்தது! காரணம் இதுதான்: அவர்களுக்குக் கூண்டு செய்து கொடுத்துவந்த பட்டறையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு ஓட்டையும் ஒன்றாக அழுத்திக் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே இத்தாலியின் மிக்கலாட்டி என்ற சிற்பி உருவம் வரைய, பாகம் பாகமாகச் செய்து பழைய முறைப்படி சட்டத்தின் மேல் திருகாணி போட்டு முடுக்கினார்கள். அதே சட்டத்தைக் குறுக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயச் சாயல் வண்டியும் செய்தார்கள். ஹெரால்டு 1961-லிருந்து நம் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாராயிற்று. பின்னர் நாலு கதவு வைத்து, ‘கெஸல்’ என்று பெயர் மாற்றி, 1977 வரை வந்தது. நம் வீதிகளில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய அந்தச் சாது வண்டி, உள்ளே பார்த்தால் ஸ்பிட்ஃபயருக்குப் பெரியண்ணன்!

கூண்டு தனியே கழன்று வரும் வண்டி கைக்குக் கிடைத்தால் தச்சனுக்கும் கொல்லனுக்கும் கை சும்மா இருக்குமா? இங்கிலாந்தில் பலர் பழைய ஹெரால்டின் கூண்டைத் தூக்கிவிட்டு, நார்க் கண்ணாடியால் 1930-களின் பாணியில் கூண்டு போட்டுக்கொண்டார்கள். இங்கே சோழவரத்து யுத்தகால விமான ஓடுபாதையில் 1950-களிலிருந்து பந்தயம் நடந்துவந்தது. ஸ்டாண்டர்டு, ஃபியட் போன்ற வீட்டு வண்டிகளைத்தான் பட்டறையில் கனம் குறைத்துத் திருத்தி ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் இன்னும் ஒரு படி போய், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளையே கட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

இனிமேல்தான் சங்கடமான விஷயம். கை ஓடுகிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் கழற்றலாமா? பழைய பென்ட்லி மூடு வண்டிகள் நூற்றுக்கணக்கில் கூண்டிழந்து, லெ மான் வேஷம் போட்டுக்கொண்டு திரிகின்றன. திறந்த வண்டிக்கு விலை அதிகம். மூடு வண்டியின் மரம் செல்லரித்துப் போயிருக்கும். செப்பனிட ஆகும் செலவில் புதுக்கூண்டே கட்டிவிடலாம். கணக்கு சரிதான். ஆனால் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் எண் உண்டு, பதிவேடு உண்டு, தொலைந்தால் தேடலாம். கூண்டோ ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கையால் அடித்தது. அதைப் பழைய தகட்டு வியாபாரியிடம் எடைக்குப் போட்டால் போனது போனதுதான். லண்டன் பட்டறையின் பெயரிருந்தால் தயங்குகிறவர்கள், சென்னையிலோ கல்கத்தாவிலோ கட்டிய கூண்டு என்றால் ‘இது ஏதோ உள்ளூர் வேலை’ என்று உடனே ரம்பத்தை எடுக்கிறார்கள். நமது அபிப்பிராயத்தில் உள்ளூர் வேலை என்பதே அதைக் காப்பாற்றுவதற்குப் போதிய காரணம்.

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழைய வண்டிகளுக்கு விதி செய்தது. முதலில் பதிவாகி 50 வருஷம் கடந்து, அசல் உருவத்திலேயே இருந்து, சட்டத்திலும் கூண்டிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி எண் தரலாம் என்பது அதன் சாரம். நல்ல விதிதான். ஆனால் 1930-ல் சீமையிலிருந்து திறந்த வண்டியாக வந்து, 1938-ல் இங்கே மழைக்கும் வெயிலுக்குமாக மூடு கூண்டு கட்டிக்கொண்ட ஒரு வண்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு அசல் உருவம் எது? 8 வருஷம் சுமந்ததா, 80 வருஷத்துக்கு மேல் சுமப்பதா? அதிகாரி எதையாவது சொல்லட்டும். நம் ஓட்டு இரண்டாவதற்கே.

வேலை தெரிந்த கைகள் இல்லை என்று சொல்வதையும் ஒப்புக்கொள்ள முடியாது. கரூரில் இன்றும் வெறும் சேஸிஸாக வந்து சேரும் பஸ்கள் கூண்டோடு வெளியே போகின்றன, நாமக்கல்லில் லாரிகள். மரம் போய் இரும்புக் குழாய் வந்துவிட்டது; ஆயினும் தகட்டை வளைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய மரத்தைப் போலவே புதுமரத்தை அறுத்து வைக்கவும், தகட்டைச் சேதமில்லாமல் கழற்றி மாட்டவும் அவர்களைக் கேட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி ஒன்று நிற்குமானால், எதையும் வெட்டுவதற்கு முன் கதவைத் திறந்து வாசற்படி விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சிறு பித்தளைத் தகட்டில் பட்டறையின் பெயரும் ஊரும் இருக்கும். தகடு இல்லையென்றால், கதவின் உட்பக்கத்துத் தோல் பலகையைப் பதனமாகக் கழற்றி, அதன் முதுகையும் உள்ளேயிருக்கும் மரச் சட்டத்தையும் விளக்கு வைத்துப் பாருங்கள். துண்டுகள் மாறிவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் மேலும் அந்த வண்டியின் கூண்டு எண்ணைத் தச்சர் பென்சிலால் எழுதியிருப்பார்.