எரிகிற வைக்கோலும் பசித்த மாடும்

காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனி மாதங்களில் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் வருகிறவர்கள் விசுவமடுப் பக்கத்து வயல்வெளிகளில் புகை எழுவதைக் கண்டிருப்பார்கள். நெல்வெட்டும் இயந்திரம் துப்பிவிட்டுப் போன வைக்கோலுக்கு வைக்கப்பட்ட தீ அது. ஆடி, ஆவணியில் அதே வீதியால் மீண்டும் வந்தால் விலா எலும்பு தெரிகிற மாடுகளைக் காணலாம். வற்றிய குளத்தின் அடியில் பச்சையாக ஏதும் இருக்கிறதா என்று அவை முகர்ந்து திரியும். மாசியில் எரித்ததுதான் ஆவணியில் இல்லாமற் போகிறது.

நான் தரம் 8, 9 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இரைமீட்கும் விலங்குகளின் இரைப்பைக்கு நான்கு அறைகள் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் எனக்கே விளங்கியது ஒரு மாட்டை இழந்த பிறகுதான்.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு கலியாணம். எஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று அண்டா நிறைய எங்கள் வளவுக்குக் கொண்டுவந்து தந்தார்கள். எங்கள் வெள்ளைச்சி நாளுக்கு நான்கு போத்தல் பால் கறப்பவள். வயிறாரத் தின்னட்டும் என்று முழுவதையும் நானே அவளுக்கு வைத்தேன். அடுத்த நாள் அவள் அசைபோடவில்லை. வயிறு உப்பி, தண்ணீராய்க் கழிந்து, படுத்தவள் எழும்பவில்லை. மூன்றாம் நாள் விடியமுன் போய்விட்டாள். பிந்தி வந்து பார்த்த மிருக வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ரீச்சர், நீங்கள் மாட்டுக்குச் சாப்பாடு வைச்சிருக்கிறீங்கள். அதின்ர வயித்துக்குள்ள இருக்கிறதுகளுக்கு வைக்கேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வசனத்தில்தான் மாட்டுத் தீவன விஞ்ஞானத்தின் அடிப்படை முழுவதும் இருக்கிறது.

மாட்டினால் வைக்கோலைச் சமிக்கச் செய்ய முடியாது. வைக்கோலில் உள்ள செலுலோசை உடைக்கும் நொதியம் மாட்டின் உடலில் சுரப்பதில்லை. அதைச் செய்வது ரூமென் எனப்படும் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணங்கிகள். அந்த அறை ஒரு பெரிய புளிக்கவைக்கும் தாழி போன்றது. ஒட்சிசன் இல்லை. வெப்பம் எப்போதும் 39 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கும். அங்குள்ள திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் கோடி வரை பற்றீரியாக்களும், பல இலட்சம் புரோட்டோசோவாக்களும் வாழ்கின்றன. அமெரிக்காவின் றொபேட் ஹங்கேற் காற்றுப்படாமல் இந்தப் பற்றீரியாக்களை வளர்க்கும் முறையை உருவாக்கி, 1966இல் இதைப் பற்றி எழுதிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. 1975இல் இங்கிலாந்தின் கொலின் ஓர்ப்பின், செம்மறி ஆட்டின் ரூமெனில் பங்கசுகளும் இருப்பதைக் காட்டினார். வைக்கோலின் கடினமான தண்டைத் துளைத்து உட்புகுபவை அவைதான்.

நுண்ணங்கிகள் நாரை உடைக்கும்போது அசற்றிக், புரொப்பியோனிக், பியூற்றிரிக் அமிலங்கள் வெளிவருகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியின் பெரும்பங்கு இவற்றிலிருந்தே கிடைக்கிறது. பாலின் கொழுப்புக்கும் இவைதான் மூலப்பொருள். பெருகிய நுண்ணங்கிகள் அடுத்த அறைகளுக்கு இறங்கும்போது அவையே சமித்துப் புரதமாகின்றன. கால்நடைகளின் வயிற்றிலிருந்து வரும் தூய பாலில் படிப்பினை உண்டு என்று திருக்குர்ஆனின் அந்-நஹ்ல் அத்தியாயம் 66ஆம் வசனத்தில் கூறுவதை இந்தத் தளத்தின் வாசகர்கள் நன்கு அறிவார்கள். அந்த வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற துறைதான் இது.

வெள்ளைச்சிக்கு நடந்தது இப்போது விளங்கும். சோறு மாப்பொருள். அது திடீரென அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால், நாரை உடைக்கும் பற்றீரியாக்களை முந்திக்கொண்டு மாப்பொருளை உண்ணும் வேறு பற்றீரியாக்கள் பல்கிப் பெருகும். அவை இலற்றிக் அமிலத்தைக் கொட்டும். ரூமென் புளித்துவிடும். நார் உடைப்பவை மடியும். உடலிலுள்ள நீர் ரூமெனுக்குள் இழுக்கப்பட, இரத்தத்திலும் அமிலம் ஏறும். வலீமா விருந்தில் எஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைப்பவர்களும், குர்பானுக்கு வாங்கிய மாட்டைக் கடைசி வாரங்களில் சோறும் அரிசியும் கொடுத்துத் தேற்றப் பார்ப்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். தானியத் தீவனம் சிறிது சிறிதாகத்தான் கூட்டப்பட வேண்டும். அதோடு நாருணவு கட்டாயம் இருக்க வேண்டும். அசைபோடுவதை நிறுத்திய மாட்டுக்கு அன்றைக்கே வைத்தியரை அழைக்க வேண்டும்.

இனி வைக்கோலுக்கு வருவோம். ஒரு வயலில் எவ்வளவு நெல் விளைகிறதோ ஏறத்தாழ அவ்வளவு எடை வைக்கோலும் கிடைக்கிறது. அதில் சக்தி இருக்கிறது, ஆனால் பூட்டிக் கிடக்கிறது. இலிக்னினும் சிலிக்காவும் செலுலோசைச் சுற்றி அரண் கட்டியிருக்கின்றன. இரண்டாவது குறை, புரதம். நுண்ணங்கிகள் ஒழுங்காக வேலை செய்யத் தீவனத்தில் ஏறத்தாழ 7 வீதப் புரதம் வேண்டும். வைக்கோலில் இருப்பது 4 வீதம் அளவுதான். பட்டினி கிடக்கும் நுண்ணங்கி மெதுவாக உடைக்கும். உள்ளே போன வைக்கோல் நாட்கணக்கில் நகராது. வயிறு நிறைந்திருக்க மாடு மெலியும்.

இந்தப் பூட்டைத் திறக்கும் வேலை நமது நாட்டிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எம். என். எம். இப்ராஹிம் தன் ஆய்வு வாழ்வின் பல ஆண்டுகளை இதற்கே செலவிட்டார். மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் ஜி. ஆர். பியர்ஸுடன் சேர்ந்து, பயிர்க் கழிவுகளைப் பல முறைகளில் பதப்படுத்தி அவற்றின் சமிபாடு எவ்வளவு கூடுகிறது என்று ஆராய்ந்தார். பிறகு நெதர்லாந்தின் உதவியுடன் இலங்கையில் நடந்த வைக்கோல் பயன்பாட்டுத் திட்டத்தில் ஜே. பி. ஷீரேயுடன் பணியாற்றினார். 1986 மார்ச்சில் கண்டியில் நடந்த சர்வதேச வைக்கோல் தீவன ஆய்வரங்கின் தொகுப்பை இருவருமே பதிப்பித்தார்கள். 1989இல் அத்திட்டத்தின் அனுபவங்களை ஒரு நூலாகத் தொகுத்தார்கள்.

அவர்கள் பரப்பிய முறை எளிது. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி ஒவ்வோர் அடுக்கிலும் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் மூட வேண்டும். உள்ளே யூரியா அமோனியாவாக மாறும். அமோனியா அந்த அரணைத் தளர்த்தும். கூடவே நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நைதரசனும் வைக்கோலில் சேரும். குளிர் நாடுகளில் பல வாரம் பிடிக்கிற இந்த வேலை நமது வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடுகிறது. திறந்து, வாடை போக ஆறவிட்டு வைத்தால் மாடு முன்னையதைவிடக் கூடுதலாகத் தின்னும், தின்றதும் கூடுதலாகச் சமிக்கும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். யூரியாவை நேரே மாட்டுக்குக் கொடுப்பது நஞ்சு கொடுப்பது போன்றது. கரைத்த தண்ணீரை மாடு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குப் பதப்படுத்திய வைக்கோலும் வேண்டாம். முதல் தடவை செய்யும்போது உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் ஆலோசனையோடு செய்யுங்கள்.

இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் ஊரெங்கும் பரவவில்லை? விவசாயியின் சோம்பல் என்று சொல்வது இலகு, ஆனால் அது உண்மையல்ல. வருடம் முழுவதும் வீதியோரப் புல் கிடைக்கிற மலைநாட்டில் இதற்குத் தேவை குறைவு. நாளுக்கு ஒரு போத்தல் கறக்கும் நாட்டு மாட்டில் யூரியாச் செலவும் கூலியும் திரும்பி வராது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட பிறகு வயலுக்கே யூரியா இல்லாமற் போனது. மீண்டும் வந்தபோது விலை கைக்கு எட்டவில்லை. வைக்கோல் மிகுந்து, பச்சைப்புல் அற்று, பாலுக்கு விலையும் இருக்கிற இடத்தில்தான் இது பலன் தரும். வன்னியின் கோடைக்கு முதல் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன.

யூரியா வாங்க வழியில்லாதவருக்கும் வழி இருக்கிறது. எங்கள் வேலிகளில் நிற்கும் கிளிசரியா இலையின் உலர் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். வைக்கோலோடு தினமும் சில கட்டு இலை சேர்த்தால் நுண்ணங்கிகளின் பசி தீரும். புதிதாகக் கொடுக்கும்போது மாடு முகத்தைத் திருப்பும். ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். இப்பில் இப்பில் இலையும் நல்லது, ஆனால் அதிலுள்ள மிமோசின் அளவு மிஞ்சினால் மயிர் கொட்டும். அவுஸ்திரேலிய மாடுகளுக்கு இது பெரும் பிரச்சினையாக இருந்தது. ஹவாயில் ஆடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருப்பதை றேமன்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி கவனித்தார். அவற்றின் ரூமெனில் இருந்த ஒரு பற்றீரியாவே காரணம். 1980களில் அதை அவுஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்கு மாற்றியதும் நோய் நின்றது. மாட்டை மாற்றவில்லை, இலையை மாற்றவில்லை. உள்ளே குடியிருப்பவரை மட்டும் மாற்றினார்கள்.

2021, 2022இல் பால்மா பைக்கற்றுக்கு நாம் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். நியூசிலாந்துப் புல்லில் விளைந்த பாலுக்கு டொலர் தேடிய அந்த நாட்களிலும் இங்கே வைக்கோல் எரிந்துகொண்டுதான் இருந்தது. சிறுபோகத்துக்கு நிலத்தை விரைவில் தயாராக்க வேண்டும், சிதறிய வைக்கோலை அள்ளக் கூலி இல்லை என்பது விவசாயியின் நியாயம். எல்லாவற்றையும் அள்ளவும் வேண்டாம். ஒரு பங்கை மண்ணுக்கு உழுதுவிடலாம். ஆனால் தன் மாட்டுக்குக் கோடை கடக்கப் போதுமானதையாவது மழை படாமல் பட்டடை போட்டு வைக்கலாம். மாடு இல்லாதவர் எரிக்கும் முன் மாடுள்ள அயலவருக்கு ஒரு சொல் சொல்லிவிடலாம். கிண்ணியா, ஓட்டமாவடி, அக்கரைப்பற்று, முசலி என்று வயலும் பட்டியும் உள்ள ஊர்களிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.

எங்கள் வளவில் இப்போது வெள்ளைச்சியின் மகள் நிற்கிறாள். இந்த மாசியில் பக்கத்து வயற்காரரிடம் கேட்டு மூன்று லோட் வைக்கோல் ஏற்றிப் பட்டடை போட்டிருக்கிறோம். வேலியோரம் கிளிசரியாத் தடி நட்டது என் வகுப்புப் பிள்ளைகள். அவளுக்குத் தீவனம் வைக்கும் ஒவ்வொரு முறையும் மிருக வைத்தியர் சொன்னதை நினைத்துக்கொள்கிறேன்.