விளக்கணைத்தால் பூக்கும் ஊர்

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி வடக்கே போகும் சாலை திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று வளைந்து வளைந்து இறங்குகிறது. பகலில் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள். கேமரன் மலைக்குத் தேயிலைப் பச்சையைத் தேடி வருகிறவர்களுக்கு இந்தக் கூரைகளைக் கண்டால் எரிச்சல். மலையையே மூடிவிட்டார்கள் என்று புலம்புவார்கள். புலம்பலில் நியாயம் உண்டு. ஆனால் அதே வழியில் நடு இரவில் போகிறவர்களுக்கு வேறொரு காட்சி கிடைக்கும். சில கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே ஆள் இருக்காது. முழங்கால் உயரத்துக்குச் செவ்வந்திச் செடிகள் மட்டும் நிற்கும். அவை பூத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை விளக்கும்.

பூ விற்றுப் பிழைக்கிறவர் மின்கட்டணமும் கட்டிப் பூவைத் தடுப்பானேன்?

இந்த ஊருக்கு வசந்தம் கிடையாது என்பதுதான் காரணம். ஜப்பானில் மார்ச் கடைசியில் சாகுரா, ஸ்ரீநகரில் ஏப்ரலில் துலிப், தமிழ்நாட்டில் தை பிறந்தால் மாமரத்தில் பூ. அங்கெல்லாம் பூ பார்க்கப் போகிறவர்கள் நாள் குறித்துக்கொண்டு கிளம்பலாம். கேமரன் மலையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரை பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் சுமார் அரை மணி நேரம். சென்னையில் அது ஒன்றரை மணி, டோக்கியோவில் ஏறக்குறைய ஐந்து மணி. இங்குள்ள தானா ராத்தா ஊரின் சராசரி வெப்பநிலையும் எந்த மாதத்திலும் 18 டிகிரி செல்சியஸைவிட்டு அதிகம் விலகுவதில்லை. குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை. எல்லாருக்கும் பொதுவான பஞ்சாங்கம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு செடியும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கோலா தெர்லாவைச் சுற்றிப் பூ பார்க்கப் புறப்பட்டால் இந்தப் பஞ்சாங்கங்களைத்தான் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

செவ்வந்தியுடையது இரவுக் கணக்கு. தொடர்ந்தாற்போல் சுமார் பத்தரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு கிடைத்தால் பெரும்பாலான ரகங்கள் மொட்டு விடத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் கோடை கழிந்து இரவு நீளும்போது இது நடக்கும். அதனால் அங்கே அது இலையுதிர்காலப் பூ. கேமரன் மலையில் ஆண்டின் எல்லா இரவுமே பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியது. நட்ட நாற்று ஒரு சாண் உயர்வதற்குள் ‘பருவம் வந்துவிட்டது’ என்று நினைத்துப் பூத்துத் தொலைக்கும். குட்டைக் காம்பில் பூத்த செவ்வந்தியைப் பூங்கொத்துக்கு யார் வாங்குவார்கள்?

செடி கணக்கிடுவது இரவை என்று கண்டுபிடித்த கதை சுவையானது. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் இருவருக்கும் ஒரு புகையிலை ரகம் தலைவலியாக இருந்தது. கோடை முழுக்க ஆள் உயரத்தையும் தாண்டி வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் பூக்கும். வெப்பம், ஈரம், உரம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் கோடையிலேயே செடிகளை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக் காலையில் தாமதமாக வெளியே எடுத்தார்கள். பூத்தது. 1920இல் இதை வெளியிட்டபோது பகலின் நீளமே காரணம் என்று எழுதினார்கள். 1938இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் மருளூமத்தையை வைத்து இதை மேலும் நெருங்கிப் பார்த்தார்கள். நம் ஊர் வயல்வரப்பில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்க் களைச்செடி அது. பகலுக்கு நடுவே சற்று நேரம் இருட்டாக்கினால் செடி அதைச் சட்டை செய்யவில்லை. நீண்ட இரவுக்கு நடுவே ஒரே ஒரு நிமிடம் வெளிச்சம் காட்டினாலோ பூக்க மறுத்துவிட்டது. உடைந்த இரவை அது இரவாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கோலா தெர்லா விளக்குகளின் சூட்சுமம் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. இரவு முழுக்க எரிக்க வேண்டியதில்லை, நடுச்சாமத்தை ஒட்டிச் சில மணி நேரம் எரித்தால் போதும். இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது விழித்துக்கொள்ளும், இருட்டில் மெல்லத் தணியும். தணிய விடாமல் இடையில் எழுப்பிவிடுவதுதான் விளக்கின் வேலை.

இரவைக் கணக்கிடுவது இலை, சரி. பூப்பது நுனி அல்லவா? இதைச் சோதித்தவர் மாஸ்கோவில் இருந்த மிகைல் சைலக்யான். 1930களில் அவர் எடுத்துக்கொண்டதும் செவ்வந்தியைத்தான். செடியின் மேற்பாதி இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் கொடுத்தார். மொட்டை நுனி நீண்ட பகலில் நின்றபடியே பூத்தது. மாற்றிச் செய்தபோது பூக்கவில்லை. இலையில் ஏதோ உண்டாகி நுனிக்குப் போகிறது என்று முடிவுகட்டி, அதற்கு ஃபுளோரிஜன் என்று பெயரும் வைத்தார். பெயர் இருந்ததே தவிர, பொருள் எழுபது ஆண்டுகள் யார் கையிலும் சிக்கவில்லை. 2007இல்தான் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இருந்த ஆய்வகங்கள், இலையிலிருந்து நுனிக்குப் பயணம் போகும் அந்தப் புரதத்தை அடையாளம் காட்டின. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செவ்வந்தியில் இதற்கு எதிரான இன்னொரு புரதத்தையும் கண்டார்கள். நடுஇரவில் ஒளி பட்டால் இலை இதைச் செய்து அனுப்புகிறது. ‘பூக்காதே’ என்பதும் ஒரு சேதியாகவே போகிறது.

கூடாரத்துக்குள் இந்த அறிவியல் சுவிட்சு வேலையாகச் சுருங்கிவிடுகிறது. நாற்று நட்ட பிறகு மூன்று நான்கு வாரம் இரவில் விளக்கு. செடி போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ. பாத்தியின் மேல் கிடைமட்டமாகக் கட்டிய நைலான் வலையைச் செடி வளர வளர உயர்த்திக்கொண்டே போவார்கள், அப்போதுதான் காம்பு நேராக நிற்கும். ஒற்றைப் பெரிய பூ வேண்டுமென்றால் பக்க மொட்டுகளை எல்லாம் விரலால் கிள்ளிவிட வேண்டும். கொத்துப் பூ வேண்டுமென்றால் நடுமொட்டை மட்டும் கிள்ள வேண்டும். விளக்கணைத்த பிறகு பக்கத்திலிருந்து வேற்று வெளிச்சம் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பளிச்சென்ற தெருவிளக்கு ஒன்று ஓரத்தில் இருந்தால் அந்த மூலையில் மட்டும் செடி பச்சையாகவே நின்று காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பூவில் பெரும்பங்கு போய்ச் சேர்வது ஜப்பானுக்கு. அந்நாடு இறக்குமதி செய்யும் செவ்வந்தியில் மலேசியாவிலிருந்து போவதே அதிகம். அங்கே இது முன்னோர் கல்லறைக்கும் வீட்டு வழிபாட்டு மாடத்துக்கும் வைக்கும் பூ. முன்னோரை நினைக்கும் நாள்கள் ஆகஸ்டில் ஓபோன், செப்டம்பரில் ஒரு ஹிகான், மார்ச் 20ஐ ஒட்டி இன்னொரு ஹிகான். மார்ச் ஹிகான் அவர்களுடைய வசந்தத்தின் வாசல். அந்த நாளுக்குப் பூ வேண்டுமானால், விரியும் காலத்தையும் அனுப்பும் காலத்தையும் பின்னோக்கி எண்ணி, ஜனவரி முற்பாதியிலேயே இங்கே விளக்கை அணைத்தாக வேண்டும். வசந்தம் இல்லாத பள்ளத்தாக்கு, வசந்தம் உள்ள நாட்டுக்கு வசந்தப் பூவை நாள் தவறாமல் அனுப்புகிறது.

அனுப்புகிறவர்களின் பயம் இலைப்பேன். இதழ் மடிப்புக்குள் ஒளியும் பூச்சி அது, நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஜப்பானியத் துறைமுகச் சோதனையில் பூச்சி அகப்பட்டால் சரக்குக்கே ஆபத்து. ஆனால் இதே இலைப்பேன் குலத்தை மலைக்குக் கீழே உள்ள காடு விருந்து வைத்து வளர்க்கிறது.

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் வழியில் மலைமுகடுகளில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் உச்சிகள் செராயா மரங்களுடையவை. மரக்கடைகளில் மெராந்தி என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் குடும்பம். இவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு ஆண்டு இடைவெளியும் உண்டு, பத்தாண்டு இடைவெளியும் உண்டு. பூத்தால் காடே சேர்ந்து பூக்கும், ஒரு குடும்பத்து மரங்கள் மட்டுமல்லாமல் பல குடும்பங்களும். ஆஷ்டன், கிவ்னிஷ், அப்பண்ணா மூவரும் 1988இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். எல் நினோ காலத்தில் மேகமில்லாத சில இரவுகள் வரும். இரவுக் குளிர் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி இறங்கி, மூன்று இரவுகளோ மேலுமோ நீடித்தால், அதிலிருந்து இரண்டு மாதத்தில் பூ. நமக்குப் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூடத் தோன்றாத குளிர் அது. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் நடந்த ஆய்வு, 2018இல், குளிரோடு வறட்சியும் சேர வேண்டும் என்று காட்டியது.

இனிதான் இலைப்பேன். பத்தாண்டுக்கு ஒருமுறை கோடிக்கணக்கில் பூ மலர்ந்தால் மகரந்தம் சுமக்க அத்தனை பூச்சி எங்கிருந்து வரும்? எட்டு நாளில் ஒரு தலைமுறை பெருகும் பூச்சியால் முடியும் என்றார்கள் அப்பண்ணாவும் சானும், 1981இல். மொட்டுக்குள்ளேயே இலைப்பேன் பெருகும். மாலையில் பூ விரியும், பூச்சி உள்ளே மேயும். விடிந்ததும் இதழ்வட்டம் கழன்று பூச்சியோடு தரையில் விழும். அன்று மாலை மேலே புதுப்பூ மலரும்போது, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தோடு இவை கிளம்பிக் காற்றில் மிதந்து ஏறும். நெருங்கிய உறவு மரங்கள் ஒரே நேரத்தில் பூக்காமல் முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன, காய் முதிர்வது மட்டும் சேர்ந்தே. அத்தனை விதையையும் பன்றியும் வண்டும் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும். சரவாக்கின் லம்பீர் காட்டில் இதே குலத்து மரங்களுக்கு வண்டுகள் தரகு பார்க்கின்றன என்று பிறகு தெரிந்தது. எல்லாக் காட்டுக்கும் ஒரே கதையை எழுதிவிட முடியாது.

மெராந்திக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் சமவெளியில் தூங்குமூஞ்சி மரக்கிளைகளை அண்ணாந்து பார்க்கலாம். அவற்றில் தொற்றி வாழும் புறா ஆர்க்கிடின் மொட்டுகள் பாதி வளர்ந்து நின்றுவிடும். திடீர் மழை வந்து வெப்பநிலை ஐந்து டிகிரி போலச் சட்டென்று இறங்கினால் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒன்பதாம் நாள், மழை பெய்த வட்டாரம் முழுக்க ஒரே காலையில் வெள்ளையாக மலரும். மறுநாள் இருக்காது. ஒரு செடி மட்டும் தனியாகப் பூத்தால் தேனீ வந்தும் பயனில்லை என்பதால் இந்த ஒற்றுமை.

செமாய் பழங்குடி வழிகாட்டிகளுடன் காட்டுக்குள் போகிறவர்கள் தேடுவது ரஃப்லீசியா மலரை. மொட்டு முற்றவே பல மாதம், மலர்ந்தால் ஒரு வாரம் தாங்காது, அழுகிய இறைச்சி நாற்றம். ஈக்குத்தான் அழைப்பு, நமக்கில்லை. இலை கிடையாது, தண்டு கிடையாது. திராட்சைக் குலத்துக் கொடி ஒன்றின் உடம்புக்குள் நூல்போல ஓடி வாழ்கிறது. இந்த மலைகளில் உள்ள இனத்தை ஆராய்ந்தவர்கள் 2012இல், சோறு போட்ட கொடியின் மரபணுக்கள் பலவும் இதனுள் குடியேறியிருப்பதைக் கண்டார்கள்.

கடைசியாகத் தேயிலை. ஊரெல்லாம் இருந்தும் பூவாக யாரும் பார்க்காத செடி. ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்கிறோமே, அந்த மொட்டு விரிந்தால் இலைதான் வரும். வளர விட்டால் இது மரமாகும், பூக்கும். கொழுந்தைக் கிள்ளிக்கொண்டும் சில ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்துகொண்டும் இருப்பதால் இலை விடுவதிலேயே அதன் சக்தி செலவாகிறது. கத்தி படாத ஓரச்செடிகளில் தேடினால் ஓர் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கேசரக் கற்றை, நாணிக் கவிழ்ந்தபடி கிடைக்கும். விதை முற்ற ஓராண்டு போலப் பிடிப்பதால் பழைய காயும் புதுப் பூவும் ஒரே கிளையில் இருக்கும்.

தேயிலைக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்குக் கீழே போய் ஆறு வாரமாவது நீடித்தால் அது உறங்கிவிடும். அஸ்ஸாமிலும் டார்ஜிலிங்கிலும் குளிர்காலத்தில் கொழுந்து நிற்பதும், மார்ச்சில் வரும் முதல் கொழுந்துக்கு அத்தனை விலை கிடைப்பதும் அதனால். கேமரன் மலையின் மிகக் குறுகிய பகலே பதினொன்றே முக்கால் மணிக்கு மேல். செடி உறங்குவதில்லை. 1929இல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாள் முதல், தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்தச் சரிவுகளில் கூடை சுமந்தவர்களுக்கும், இன்று அவர்கள் இடத்தில் நிற்கும் வங்கதேச, நேபாளத் தொழிலாளர்களுக்கும் கொழுந்து இல்லாத மாதம் என்று ஒன்று வந்ததே இல்லை.