ஒற்றை வில்லை

கண் இரண்டாயினும் காட்சி ஒன்றே. அக்காட்சியைப் பதிந்து வைக்கும் ஒளிப்படக் கருவிக்கோ இன்று கண்கள் பல. அகன்ற பரப்பைக் காட்ட ஒன்று, தொலைவில் உள்ளதை அண்மையில் கொணர ஒன்று, எறும்பின் காலையும் பெரிதாக்கிக் காட்ட ஒன்று என, லென்ஸ் என வழங்கும் வில்லைகள் கடைதோறும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, வாழ்நாள் முழுவதும் அதனையே கொண்டு படமெடுக்க இயலுமா? இயலுமெனில் எதனைத் தேர்வது?

ஒளிப்படக் கலைஞரிடையே நெடுங்காலமாக நிலவி வரும் வினா இது. மாணவரின் பணப்பையையும், படமெடுக்கப்படுவோரின் கண்ணியத்தையும், நம் ஊரின் நினைவையும் ஒருங்கே தொடுகின்ற வினாவும் இதுவே. ஆதலின் இதனைச் சற்று விரித்து நோக்குவோம்.

வில்லையும் தொலைவும்

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று முன்னோர் பலர் கருதியிருந்தனர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுள் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்பதைச் சோதனை வழியில் நிறுவியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டில் அவர் இயற்றிய கிதாபுல் மனாளிர் என்னும் நூல் ஒளியியலின் அடிப்படை நூல்களுள் ஒன்று. இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளி எதிர்ச்சுவரில் தலைகீழாக உருக்காட்டுவதையும் அவர் ஆராய்ந்தார். அந்த இருட்டறையே இன்றைய காமிராவின் மூதாதை. துளை இருந்த இடத்தில் பின்னாளில் வில்லை வந்தமர்ந்தது.

தொலைவிலுள்ள பொருளின் ஒளிக்கதிர்களை வில்லை ஓரிடத்தில் குவிக்கின்றது. வில்லைக்கும் அவ்விடத்திற்கும் இடைப்பட்ட அளவே குவியத் தூரம் எனப்படும். 50 மி.மீ., 35 மி.மீ. என வில்லைகளைக் குறிப்பது இவ்வளவைக் கொண்டே. வழக்கமான படச்சுருளில் ஒரு படம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. இந்த 36ஐக் குவியத் தூரத்தால் வகுத்து, நாம் நிற்கும் தொலைவால் பெருக்கினால், படத்துள் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். பத்தடித் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 28 மி.மீ. வில்லையில் ஏறத்தாழ 13 அடி அகலம் அடங்கும், 35 மி.மீ. வில்லையில் பத்தடிக்குச் சற்று மேல், 50 மி.மீ. வில்லையில் ஏழடிக்குச் சற்று மேல், 85 மி.மீ. வில்லையில் நான்கடிக்குச் சற்று மேல், 200 மி.மீ. வில்லையிலோ இரண்டடிக்கும் குறைவு.

ஈண்டு ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். அகல்வில்லையால் எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும் என்பர். அது வில்லையின் குற்றமன்று, தொலைவின் விளைவு. ஓரடித் தொலைவில் நின்று ஒரு முகத்தை நோக்கினால், காதினும் மூக்கு நமக்கு மிக அண்மையில் இருத்தலின் அது பெரிதாகத் தோன்றும். எட்டடி தள்ளி நின்றால் அவ்வேறுபாடு தேய்ந்துவிடும். ஓரிடத்தில் அசையாது நின்று எந்த வில்லையால் எடுத்தாலும் பொருள்கள் ஒன்றற்கொன்று கொண்டுள்ள அளவு மாறுவதில்லை. எவ்வளவு உள்ளே அடங்கும் என்பதே மாறுகிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. ஒரு வில்லையைத் தேர்வதென்பது ஒரு தொலைவைத் தேர்வதாகும். மனிதரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறோம் என்பதே உண்மையான வினா.

ஒற்றை வில்லையோடு உலகைக் கண்டவர்

இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்தவர் பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் (1908-2004). 1932ஆம் ஆண்டளவில் லைக்கா என்னும் சிறு காமிராவைக் கையிலெடுத்த அவர், தம் படங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. வில்லை ஒன்றைக் கொண்டே எடுத்தார். 35, 90 மி.மீ. வில்லைகளை எப்போதேனும் கையாண்டதுண்டு. எனினும் அவர் கண்ணாக அமைந்தது 50 மி.மீ. வில்லையே. ஒளிவீச்சு விளக்கைப் பிறர் முகத்தில் பாய்ச்சுவது நாகரிகமன்று என அவர் கருதினார். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டுவதையும் பொதுவாக விரும்பியதில்லை.

அவருக்கும் நம் நாட்டிற்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1947இன் இறுதியில் இந்தியா வந்த அவர், பிரிவினையால் வீடிழந்தோர் தங்கியிருந்த குருச்சேத்திர முகாமைப் படமெடுத்தார். 1948 சனவரி 30 அன்று காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சிறிது நேரம் முன்னர் அவரை நேரிற் கண்டு பேசினார். அன்றிரவு துயரச் செய்தியை மக்களுக்கு அறிவித்த நேருவையும் பதிவு செய்தார். அதே ஆண்டு சிறீநகரின் அரி பர்வதக் குன்றில் வைகறையில் தொழுது நிற்கும் முஸ்லிம் பெண்களை அவர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. அப்பெண்கள் நமக்கு முதுகு காட்டி நிற்கின்றனர். ஒருவர் கைகள் ஏந்தியுள்ளார். எதிரே மலையும் வானும். தொழுகைக்கு இடையூறு செய்யாத தொலைவில், அவர்கள் நோக்கும் திசையையே தாமும் நோக்கி நிற்கிறார் கலைஞர். அத்தொலைவே அப்படத்தின் கண்ணியம்.

தமிழகத்திற்கும் அவர் வந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று இரவு இரமண மகரிசி திருவண்ணாமலையில் மறைந்தபோது அவர் அவ்வூரிலேயே இருந்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரையும் படமெடுத்தார். தில்லியின் அரசியல் மேடை, காசுமீரக் குன்று, அண்ணாமலையின் ஆசிரமம் என இடங்கள் மாறின. அவர் மனிதரிடம் கொண்ட தொலைவு பெரிதும் மாறவில்லை. திரைப்படத் துறையில் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவும் இவ்வாறே 50 மி.மீ. வில்லையைக் கைவிடாது போற்றியவர்.

நம் இல்லத்திலும் தமிழிலும்

இதனை அயல்நாட்டார்க்கே உரிய நோன்பு எனக் கருத வேண்டா. நம் பெற்றோர் காலத்தில் பல இல்லங்களில் இருந்த ஆக்ஃபா கிளிக் 3 என்னும் பெட்டிக் காமிராவை நினைவு கூர்க. பரோடாவில் உருவான அக்கருவியில் வில்லை ஒன்றே. அதனைக் கழற்றவோ மாற்றவோ இயலாது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள் மட்டுமே. ஆயினும் பலருடைய திருமணமும், குழந்தையின் முதற் பிறந்தநாளும், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவரை வழியனுப்பிய காட்சியும் இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது இத்தகைய எளிய கருவிகளாலன்றோ?

இலக்கியத்திலும் இதற்கு ஒப்புமை காணலாம். ஐங்குறுநூற்றில் திணைக்கு ஒரு புலவராக ஐவர் பாடினர்: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒரே திணையில் நின்று ஒவ்வொருவரும் நூறு பாடல் பாடுமாறு அமைந்தது அந்நூல். வள்ளுவரோ ஏழு சீர் கொண்ட குறள் வெண்பா ஒன்றனையே கொண்டு 1330 முறை உலகை அளந்தார். வடிவம் ஒன்றாய் நிலைத்தபோது, புலவரின் முழுக் கவனமும் பொருளின்மேற் சென்றது. வில்லையும் அத்தகையதே. எதனைப் பூட்டுவது என்னும் எண்ணம் ஒழிந்தால், எதனைக் காண்பது என்னும் எண்ணம் வளரும்.

நம் பகுதிக்கு எது?

இனி நம் ஊர்க்கு வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியில் வாழும் மாணவர் ஒருவர் ஒரே வில்லையைத் தேர்வதாயின் எதனைத் தேர்வது? கார்த்தியே பிரெசோன் 50ஐக் கொண்டார் என்பதற்காக நாமும் 50ஐக் கொள்ள வேண்டுமென்பதில்லை. அவர் தம் தெருக்களுக்கு ஏற்ற தொலைவைத் தேர்ந்தார். நாம் நம் இல்லங்களையும் தெருக்களையும் அளந்து தேர்தல் வேண்டும்.

நம் நடுத்தர இல்லங்களின் கூடம் பெரும்பாலும் பத்தடி, பன்னிரண்டடியே. சுவரோரம் சாய்ந்து நின்றால் எதிரில் உள்ளவர்க்கும் நமக்கும் இடையே எட்டடி கிடைக்கும். அங்கே 50 மி.மீ. வில்லையில் அடங்குவது ஆறடிக்கும் குறைவான அகலம். ஐவர் உள்ள குடும்பத்தில் இருவர் விடுபடுவர். 35 மி.மீ. வில்லையில் எட்டடிக்குச் சற்று மேல் அடங்கும். பாட்டியும் பேரனும் உட்பட அனைவரும் இடம் பெறுவர். 35 மி.மீ. வில்லைக்கு மற்றுமோர் எளிமை உண்டு. 36ம் 35ம் ஏறத்தாழச் சமமாதலின், நிற்கும் தொலைவே காணும் அகலம். பத்தடியில் பத்தடி; நாற்பதடியில் நாற்பதடி. கணக்கறியாதாரும் காலடியால் அளந்துவிடலாம்.

ஆகவே வீடும் தெருவும் மனிதரும் ஒருங்கே வேண்டுவோர்க்கு 35 மி.மீ. வில்லையே ஏற்றதென்பது நம் கருத்து. முகம் ஒன்றே போதும் என்பார் 50ஐக் கொள்க. சிறிய உணரி பொருத்திய எண்ணியல் காமிராக்களில் படத்தின் அகலம் 24 மி.மீ. அளவே, ஆங்கு 24 மி.மீ. வில்லை 35க்கு ஒப்பாகும். வாங்க வசதியற்றோர் வருந்த வேண்டா. கைப்பேசியின் முதன்மை வில்லை பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வில்லைக்கு ஒப்பானது. விரலால் திரையைப் பெரிதாக்காமல், ஓராண்டுக் காலம் அது ஒன்றையே கொண்டு, காலால் நடந்து படமெடுத்துப் பழகலாம். கடன்பட்டு மூன்று வில்லை வாங்குவதினும் இது நன்று.

இழப்பும் பேறும்

ஒன்றைத் தேர்தல் பிறவற்றைத் துறத்தலே. கொரட்டூர் ஏரியின் நீர்ப்பறவை 35 மி.மீ. வில்லையில் ஒரு புள்ளியாகவே தோன்றும். மட்டைப்பந்தாட்ட வீரரின் முகமும், ஆண்டு விழா மேடையில் பேசுவோரின் முகமும் கடைசி வரிசையிலிருந்து கிட்டா. இவ்விழப்பை மறைப்பது நேர்மையாகாது. பறவையையே வாழ்நாட் பொருளாகக் கொண்டவர்க்கு நீள்வில்லையே ஒற்றை வில்லையாதல் தகும்.

எனினும் பேறு பெரிது. 200 மி.மீ. வில்லையோடு முப்பதடிக்கு அப்பால் நிற்பவர், ஒருவர் அறியாமலேயே அவர் முகத்தைக் கவர்ந்து செல்லலாம். 35 மி.மீ. வில்லை கொண்டவர்க்கு அது இயலாது. அவர் ஐந்தடி, ஆறடி வரை நெருங்கி வர வேண்டும். வந்தால் முகமன் கூற வேண்டும். ஸலாமோ வணக்கமோ சொல்லி இசைவு பெற வேண்டும். வேண்டா என்று பெரியவரோ பெண்டிரோ கையசைத்தால் கருவியைத் தாழ்த்த வேண்டும். ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகங்களைப் போலப் படமெடுத்தல் விலக்கப்பட்ட இடங்களும் உள. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கலாகாது என்னும் அறிவை நெருங்கி நிற்கும் வில்லை நமக்கு நாள்தோறும் கற்பிக்கும்.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாயிற்று. பூவிருந்தவல்லிச் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. ஏரிக்கரையும், ஓட்டு வீடும், தொழிற்பேட்டை வாயிலில் வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளரும் நாளை இன்றுபோல் இரார். மாணவர் தம் தெருவை ஒரே வில்லையால், ஒரே தொலைவில் நின்று, ஆண்டுதோறும் படமெடுத்து நாளும் இடமும் குறித்து வைப்பாராயின், ஊர் மாறிய வகையை அப்படங்களே கூறும். வில்லை மாறாதிருந்தால்தான் மாறியது எது என்பது விளங்கும். ஊர்ப் பெரியோர் தம் பழைய படங்களை எடுத்துத் தந்து, அவற்றில் உள்ளோரின் பெயரையும் உறவையும் சொல்லி உதவுதல் வேண்டும். அவர்கள் நினைவும் இளையோர் படமும் சேர்ந்த இடத்தில்தான் ஊரின் வரலாறு முழுமை பெறும்.