கூம்பைப் பாருங்க, அப்புறம் அளவைப் பாருங்க

ஒரு பொருளை முன்னாடி, மேல, பக்கவாட்டுலன்னு நேராப் பார்த்து வரையறதுதான் ஆர்த்தோகிராஃபிக் புரொஜெக்‌ஷன். அந்தத் தோற்றங்களை ஷீட்ல எங்க வைக்கறோம்ங்கறதுலதான் சிக்கலே.

இந்தியாவுல ஃபர்ஸ்ட் ஆங்கிள். டார்ச் அடிச்சா பின்னாடி சுவர்ல நிழல் விழுமே, அந்த மாதிரி. இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கம் வரும். அமெரிக்காவுல தேர்ட் ஆங்கிள். பொருளுக்கு முன்னாடி கண்ணாடி வெச்ச மாதிரி. வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே.

மாத்திப் படிச்சா, முன்பக்கம் ஒட்டி வர வேண்டிய குறுக்குத் துளை பின்பக்கம் போயிடும். அளவெல்லாம் சரியா இருக்கும், ஆனா பாகம் மாட்டாது.

அதனால நான் முதல்ல தேடறது, டைட்டில் பிளாக்ல இருக்கற வெட்டின கூம்பும் ரெண்டு வட்டமும். வட்டங்கள் கூம்போட பெரிய முனைப் பக்கம் இருந்தா ஃபர்ஸ்ட். சின்ன முனைப் பக்கம் இருந்தா தேர்ட்.